கொழும்புக்கு எது அருகில்: யாழ்ப்பாணமா, இலண்டனா?

இரண்டு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரம் எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு என்று அறிய விரும்புபவர் இப்போது எவரையும் கேட்க வேண்டியதில்லை. கணினியில் இரண்டு பெயர்களைத் தட்டினால் போதும், விடை வந்துவிடும். கொழும்பிலிருந்து இலண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் பதினொரு மணித்தியாலம் அளவில் ஆகும். கொழும்பிலிருந்து ரொறன்ரோ சுமார் 14,000 கிலோமீற்றர். நேரடிச் சேவை இல்லாததால் இடையில் ஓரிடத்தில் விமானம் மாறவேண்டும். இரத்மலானையிலிருந்து பலாலி சுமார் 330 கிலோமீற்றர். சிறிய விமானத்திலும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான்.

இந்த விடைகளில் கிலோமீற்றர்க் கணக்கு என்றுமே மாறாதது. பூமி உருண்டையில் இந்த நகரங்கள் அன்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கின்றன. ஆனால் மணித்தியாலக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. அது இயந்திரத்தினால் குறையும், யுத்தத்தினால் கூடும், அரசாங்கம் ஒன்றின் ஆணையினால் ஒரே இரவில் இல்லாமலும் போகும். கொழும்பில் வாழ்ந்த தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. இலண்டன் பதினொரு மணித்தியாலத் தொலைவிலும் யாழ்ப்பாணம் பல வாரத் தொலைவிலும் இருந்த காலம் ஒன்றை அவர்கள் தம் வாழ்நாளிலேயே கண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தைப் பார்க்காத தலைமுறை ஒன்று புலம்பெயர்ந்த நாடுகளிலும் இங்கேயும் வளர்ந்து வருவதால், இந்தத் தூரங்களின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

மாட்டு வண்டியும் புகைவண்டியும்

1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லெனார்ட் வூல்ஃப் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் பெற்றுச் சென்றார். பின்னாளில் எழுத்தாளராகவும் வெர்ஜீனியா வூல்ஃபின் கணவராகவும் அறியப்பட்டவர். அவர் தம் சுயசரிதையில் அந்தப் பயணத்தை விவரித்திருக்கிறார். அநுராதபுரம் வரை புகைவண்டி. அங்கிருந்து ஆனையிறவு வரை 'தபால் வண்டி' என்ற பெரிய பெயரைச் சூடியிருந்த சாதாரண மாட்டு வண்டி. ஆனையிறவில் மீண்டும் புகைவண்டி. தபால் மூட்டைகளின் மேல் படுத்தபடி, வன்னிக் காட்டுப் பாதையில் இராப்பகலாகப் போனார்கள். கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்கு நீராவிக் கப்பல் மூன்று வாரமளவில் போய்ச் சேர்ந்த காலம் அது.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்தது. காங்கேசன்துறையில் ஏறியவர் இடையில் மாட்டு வண்டிக்கு இறங்காமல் கொழும்புக்கு வந்து சேரக்கூடிய நிலை ஏற்பட்டது. யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இப்போது நாம் எளிதில் உணர்வதில்லை. அரச சேவையில் எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் கொழும்புக்கு வந்தவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வரக்கூடியவர்களானார்கள். வேலை கொழும்பில், வீடு யாழ்ப்பாணத்தில் என்ற வாழ்க்கை முறையே அந்த இருப்புப் பாதையின் மேல்தான் கட்டப்பட்டது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் தெஹிவளையும் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளாக வளர்ந்ததற்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் கொழும்பிலிருந்து சென்னைக்கும் புகைவண்டியும் கப்பலுமாக ஒரே தொடராகப் பயணம் செய்ய முடிந்தது. 'போட் மெயில்' என்று மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்வது அந்தச் சேவையைத்தான். யாழ்ப்பாணம் ஓர் இரவுப் பயணமாகவும் சென்னை அதற்கடுத்ததாகவும் இலண்டன் மூன்று வாரமாகவும் இருந்தன. தூரத்தின் ஒழுங்கும் நேரத்தின் ஒழுங்கும் ஒத்துப்போன காலம் அது.

இரத்மலானையில் இறங்கிய விமானம்

தெஹிவளையிலிருந்து காலி வீதியால் தெற்கே போனால் கல்கிசையை அடுத்து வருவது இரத்மலானை. இலங்கையின் முதலாவது விமான நிலையம் அங்கேதான் அமைக்கப்பட்டது. 1935 நவம்பர் 27ஆம் திகதி சென்னை பறக்கும் கழகத்தின் பயிற்றுநரான டின்டேல் பிஸ்கோ ஓட்டி வந்த 'புஸ் மொத்' ரகச் சிறு விமானம் அந்தத் தரையில் முதன்முதலாக இறங்கியது. வந்த இடம் சென்னை என்பது கவனிக்கத்தக்கது. இலங்கை வான்வழியாக முதலில் இணைக்கப்பட்டது தமிழகத்தோடுதான்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1932 ஒக்டோபரில், ஜே.ஆர்.டி. டாட்டா அதே 'புஸ் மொத்' ரக விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுபோய் இந்திய விமானத் தபால் சேவையைத் தொடக்கி வைத்திருந்தார். 1938இல் டாட்டாவின் சேவை சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீட்டப்பட்டது. கராச்சியில் ஐரோப்பிய விமானத் தபாலோடு தொடர்பு கிடைத்ததால், மூன்று வாரம் கப்பலில் கிடந்த இலண்டன் கடிதம் சில நாட்களில் கொழும்புக்கு வந்து சேர வழி பிறந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கடல் விமானங்கள் பல இடங்களில் இறங்கி ஏறி, ஒன்பது பத்து நாட்களில் போய்ச் சேர்ந்தன. அந்தப் பாதை சிங்கப்பூர் வழியாகச் சென்றது. கொழும்பு அதில் இல்லை. கொழும்பை அந்த வரைபடத்துக்குள் கொண்டுவந்தது யுத்தம்.

இரண்டு சூரிய உதயங்கள்

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் இருந்த விமானப் பாதை துண்டிக்கப்பட்டது. ஏப்ரல் 4ஆம் திகதி, காலிக்கு அருகே கொக்கல ஏரியிலிருந்து 'கட்டலீனா' கடல் விமானத்தில் புறப்பட்ட கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சோல், ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்புத் துறைமுகமும் இரத்மலானையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின.

இந்த நிலையில் துண்டிக்கப்பட்ட பாதையை மீண்டும் இணைக்கும் முயற்சியில் உருவானதுதான் பேர்த் நகரத்துக்கும் கொக்கலவுக்கும் இடையிலான இரகசிய விமானச் சேவை. 1943 ஜூன் மாதக் கடைசியில் குவாண்டாஸ் நிறுவனத்தினர் அதனைத் தொடங்கினார்கள். பேர்த்தின் சுவான் ஆற்றுக்கும் கொக்கல ஏரிக்கும் இடையில் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். இடையில் இறங்குவதற்கு ஒரு துண்டு நிலமும் இல்லாத இந்து சமுத்திரம். கட்டலீனாவின் வேகமோ மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில்தான். எனவே ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணித்தியாலம் பிடித்தது. பதிவாகியுள்ள ஆகக் கூடிய நேரம் 32 மணித்தியாலமும் 9 நிமிடமும். விமானத்தில் இருந்தவர்கள் வழியில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைக் கண்டார்கள். அதனால் 'இரட்டைச் சூரிய உதயம்' என்ற பெயர் அந்தச் சேவைக்கு நிலைத்துவிட்டது.

அந்த நீண்ட நேரத்துக்குத் தூரம் மட்டும் காரணமல்ல. விமானம் சுமக்கக்கூடிய பாரம் முழுவதும் எரிபொருளுக்கே போனது. அதிகபட்சம் மூன்று பயணிகளும் சிறிதளவு முக்கிய தபாலும்தான் ஏற்ற முடிந்தது. ஜப்பானிய விமானங்கள் நடமாடக்கூடிய பகுதியை இருளில் கடக்கும் வகையில் நேரம் கணிக்கப்பட்டது. வானொலித் தொடர்பைப் பயன்படுத்தினால் எதிரி அறிந்துவிடுவான் என்பதால், நட்சத்திரங்களைப் பார்த்தே திசையறிந்தார்கள். சேவையில் ஈடுபட்ட ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். 1945 ஜூலை வரை 271 தடவை சமுத்திரம் கடக்கப்பட்டது. ஒரு விமானமேனும் கடலில் விழவில்லை. பயணிகளுக்கு 'இரட்டைச் சூரிய உதயத்தின் இரகசியக் கழகம்' என்ற பெயரில் சான்றிதழ் ஒன்றும் வழங்கப்பட்டது.

1944 ஜூன் முதல் 'லிபரேட்டர்' ரக விமானங்கள் மேற்கு அவுஸ்திரேலியாவின் லேர்மந்த் தளத்திலிருந்து நேரே இரத்மலானைக்கு வரத் தொடங்கியதும் நேரம் பெரிதும் குறைந்துவிட்டது. யுத்தம் முடிந்ததும் பழைய பாதைகள் திறந்தன, இரகசியச் சேவை வரலாறாகிவிட்டது. 2018 மார்ச்சில் அதே நிறுவனம் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு, சுமார் 14,500 கிலோமீற்றரை எங்கும் இறங்காமல் பதினேழு மணித்தியாலமளவில் கடக்கும் சேவையைத் தொடங்கியது. கொக்கலவுக்கு வர எடுத்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரத்தில், இரண்டரை மடங்கு தூரம்.

இந்தக் கதையை இங்கே விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. யுத்தம் தூரத்தை நீட்டும் என்பதற்கும், நீட்டப்பட்ட தூரத்தை மீண்டும் இணைக்க வேண்டும் என்று ஓர் அரசு உண்மையிலேயே விரும்பினால் எவ்வளவு பிரயத்தனம் எடுக்கும் என்பதற்கும் அது சான்று. சமுத்திரத்துக்கு அப்பால் இருந்த நகரத்துக்காக அந்தப் பிரயத்தனம் எடுக்கப்பட்டது. இதே தீவின் வடமுனையில் இருந்த நகரத்தின் கதை வேறு.

நடுவில் இருந்த பலாலி

வரைபடத்தில் கொழும்புக்கும் சென்னைக்கும் இடையில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். இரத்மலானையிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய நேர் வடக்கே 685 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அந்தக் கோட்டின் நடுப்பகுதியில், சற்றும் விலகாமல், பலாலி இருக்கிறது. கொழும்பிலிருந்து 330, சென்னையிலிருந்து 355. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை அது.

சுதந்திரத்துக்குச் சற்று முன்னர், 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. 'சீதாதேவி' என்று பெயரிடப்பட்ட டகோட்டா விமானம் அது. அது சென்ற பாதை கொழும்பு, காங்கேசன்துறை, சென்னை. இலங்கையின் தேசிய விமானச் சேவை தன் முதற் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தில் இறங்கியது என்பதைப் பலர் இன்று மறந்துவிட்டார்கள். அப்போது அதற்கு அரசியல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வழியில் இருந்த ஊர், இறங்கினார்கள்.

பிந்திய ஆண்டுகளில் எல்லாத் தூரங்களும் ஒன்றாகவே குறுகின. 1952 ஓகஸ்ட்டில் பிரித்தானிய நிறுவனம் இலண்டனிலிருந்து கொழும்புக்குக் 'கொமெற்' ஜெட் விமானச் சேவையைத் தொடங்கியபோது, மூன்று வாரக் கப்பல் பயணம் ஒரு நாளுக்குள் அடங்கியது. அந்த ரக விமானங்கள் விபத்துக்களுக்கு உள்ளாகி 1954இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டாலும், ஜெட் யுகம் தொடங்கிவிட்டது. 1956 ஏப்ரல் 23ஆம் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கியது. காலையில் கோட்டையில் ஏறியவர் பிற்பகலில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். இரவுத் தபால் வண்டியில் ஏறி உறங்கியவர் விடியற்காலையில் பளையிலோ சாவகச்சேரியிலோ கண் விழித்தார். அவசரக்காரருக்கும் வசதியுள்ளவருக்கும் விமானம் இருந்தது. சென்னையில் படிப்பும் வைத்தியமும் பட்டுச்சேலையும் சினிமாவும் தேடியவர்கள் பலாலியிலேயே விமானம் ஏறினார்கள்.

1956 என்ற ஆண்டைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வராமல் போகாது. யாழ்தேவி ஓடத் தொடங்கிய சில வாரங்களில்தான் தனிச்சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இருப்புப் பாதை இரண்டு நகரங்களை நெருக்கிய அதே காலத்தில் அரசியல் அவற்றை விலக்கத் தொடங்கியது. விலகல் பயண நேரத்தில் வெளிப்பட இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

நீண்டுபோன 330 கிலோமீற்றர்

1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்று, இரத்மலானையில் தரித்து நின்ற எயார் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது. எயார் சிலோனும் அத்தோடு தன் இறுதிக் கட்டத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு எயார் லங்கா தொடங்கி, கட்டுநாயக்கவிலிருந்து உலக நகரங்களுக்குப் பறந்தது. பலாலி சர்வதேசப் பாதையிலிருந்து மறைந்தது.

1983 ஜூலை இனக்கலவரத்தில் வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பகுதிகளில் வீடிழந்த தமிழர்கள் பல இடங்களில் அகதிகளாகத் தங்கவைக்கப்பட்டார்கள். பம்பலப்பிட்டியிலும் இரத்மலானையிலும் இருந்த இந்துக் கல்லூரிகள் அவற்றில் அடங்கும். இன்னொன்று இரத்மலானை விமான நிலையத்தின் கொட்டகைகள். அங்கிருந்து பலாலிக்கு ஒரு மணித்தியாலம். ஆனால் ஆயிரக்கணக்கான மக்கள் வடக்கே போனது கப்பலில். இராமர் அணையை ஒட்டிய கடல் ஆழமற்றது என்பதால் பெரிய கப்பல்கள் கொழும்பிலிருந்து நேரே வடக்கே போக முடியாது. தெற்கே காலியைச் சுற்றி, மட்டக்களப்பு, திருகோணமலைக் கரையோரமாக, தீவின் பெரும்பகுதியை வலம் வந்து காங்கேசன்துறையை அடையவேண்டும். வான்வழித் தூரத்தின் இரு மடங்குக்கும் மேல். சரக்குக் கப்பலின் தளத்தில், கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் அந்தத் தூரத்தின் ஒவ்வொரு மைலையும் அறிந்திருப்பார்கள்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்தேவி வவுனியாவுக்கு அப்பால் போவதை நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. ஏ9 வீதி ஆனையிறவில் மூடப்பட்டது. குடாநாட்டிலிருந்து வெளியேற மக்களுக்கு எஞ்சியது கிளாலிக் கடலேரி. இரவில், விளக்கில்லாமல், ஒன்றோடொன்று கட்டிய படகுகளில் கடந்தார்கள். 1993 ஜனவரியில் அந்தக் கடலேரியில் கடற்படையின் தாக்குதலில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். கடந்து வந்தவர்கள் ஒருபுறம் புலிகளின் 'பாஸ்', மறுபுறம் இராணுவத்தின் அனுமதி என்று இரண்டு அரசாங்கங்களுக்குக் கணக்குக் காட்டினார்கள். வவுனியாவில் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்குப் பயண நேரம் என்பது பொருளற்ற சொல்லாயிற்று.

எல்லோருக்கும் நேரம் நீட்டப்படவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊரிலிருந்து புறப்பட இரண்டு மணித்தியாலம். திரும்பி வர இருபது ஆண்டுகளுக்கு மேல். அவர்களுள் பலர் இன்றும் புத்தளத்தில்தான் இருக்கிறார்கள். தூரங்களின் கணக்கில் இதனையும் சேர்க்காவிட்டால் அந்தக் கணக்கு நேர்மையானதாக இராது.

1996இல் குடாநாடு இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் தரைவழி இல்லை. திருகோணமலை வரை கப்பல், அல்லது பலாலியிலிருந்து இரத்மலானைக்குத் தனியார் விமானம். இரண்டுக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம், புறப்பட்ட பத்து நிமிடமளவில் மன்னாருக்கு வடக்கே கடற்பரப்பில் மறைந்தது. 48 பயணிகளும் 7 பணியாளர்களும் அதில் இருந்தார்கள். பயணிகளில் அநேகர் தமிழ்ப் பொதுமக்கள். விமானத்தைப் புலிகள் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தியதாகவே விசாரணைகள் கண்டன. ஆயினும் சிதைவுகளைக் கடற்படைச் சுழியோடிகள் கண்டெடுத்தது 2012இல்தான். ஒரு மணித்தியாலப் பயணத்துக்குப் புறப்பட்டவர்களின் உறவினர்கள் உறுதியான செய்திக்காகப் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 திறக்கப்பட்டது. அந்த வீதியில் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி, வரிசையில் நின்று, வரி கொடுத்துப் போனாலும் ஒரு பகலில் யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம் என்பதே பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. நான்கே ஆண்டுகள். 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் சண்டை தொடங்கி, வீதி மீண்டும் மூடப்பட்டது.

லொட்ஜ் அறைகளின் காலம்

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவை அண்டிய பகுதிகளிலும் இருந்த லொட்ஜ்களை அந்தக் காலத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே இருவகைப் பயணிகள் தங்கியிருந்தார்கள். ஒருவகையினர் வெளிநாட்டு விசாவுக்கோ முகவரின் அழைப்புக்கோ காத்திருந்தவர்கள். மற்றவர்கள் யாழ்ப்பாணம் திரும்புவதற்கு அனுமதிக்கும் கப்பல் இடத்துக்கும் காத்திருந்தவர்கள். முதலாவது வகையினருக்கு அழைப்பு வந்துவிட்டால், அன்றிரவே கட்டுநாயக்கவில் ஏறி மறுநாள் ஐரோப்பாவில் இறங்கிவிடுவார்கள். மற்றவர்கள் அதே அறையில் அடுத்த வாரமும் அடுத்த மாதமும் இருந்தார்கள். கண் சத்திரசிகிச்சைக்கு வந்த முதியவர், பல்கலைக்கழகத்துக்குத் திரும்பவேண்டிய மாணவன், பிரசவத்துக்கு வந்த மகளைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகவேண்டிய தாய் என்று எத்தனையோ பேர்.

யாழ்ப்பாணத்தில் பெற்றோர் இறந்த செய்தி கேட்டு இலண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ புறப்பட்ட பிள்ளைகள் கொழும்பு வரை வந்தார்கள். அதற்கப்பால் வர வழியில்லை. 8,700 கிலோமீற்றரைப் பதினொரு மணித்தியாலத்தில் கடந்தவர்கள், மீதி 330 கிலோமீற்றரைக் கடக்கமுடியாமல் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் இருந்தபடி தொலைபேசியில் சடங்குகளைக் கேட்டறிந்தார்கள். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போகமுடியாமல் கொழும்பிலேயே முகத்துவாரத்தில் காரியத்தை முடித்தவர்கள் உண்டு. அப்படியொரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர்கள் எவ்வளவு நேரம் பயணம் என்று கேட்டதில்லை. எங்கே நின்றுவிட்டது என்றுதான் கேட்டார்கள்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பின் லொட்ஜ்களுக்குள் நுழைந்த பொலிஸாரும் படையினரும், அங்கு தங்கியிருப்பதற்கு உரிய காரணம் இல்லை என்று கூறித் தமிழர்கள் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்கு மாகாணத்துக்கும் அனுப்பினார்கள். உடுப்புகளை அடுக்கிக்கொள்ளவே சிலருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. மாதக்கணக்காக வடக்கே போக வழி கேட்டவர்களுக்கு ஓர் இரவில் பஸ் கிடைத்தது என்பது அந்தச் சம்பவத்தின் கொடுமையான முரண். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அரசாங்கம் பின்னர் வருத்தம் தெரிவித்தது; அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பக் கொண்டுவரப்பட்டனர். ஆனாலும் தலைநகரத்தில் ஒரு குடிமகன் எவ்வளவு காலம் தங்கலாம், எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு அந்த இரவு கொடுத்த விடையை மறப்பது எளிதல்ல.

மீண்டும் குறுகிய தூரம்

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. முள்ளிவாய்க்காலில் முடிந்த விதத்தைப் பற்றி வேறிடங்களில் எழுதப்பட்டிருக்கிறது, இன்னும் எழுதப்படவேண்டியிருக்கிறது. பயணத்தைப் பொறுத்தவரை ஏ9 வீதி படிப்படியாகத் திறக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி, இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தில் வந்து நின்றது. இப்போது வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறுபவர் விடியுமுன் யாழ்ப்பாணத்தில் இறங்குகிறார். ஏறும்போது அவருடைய கவலையெல்லாம் ஏசி ஒழுங்காக வேலை செய்யுமா, பக்கத்தில் இருப்பவர் குறட்டை விடுவாரா என்பதுதான். இது ஏளனமாகச் சொல்லப்படுவதல்ல; அந்தச் சிறிய கவலைகளே பெரிய பேறு.

பலாலி 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. கொரோனாத் தொற்றினால் 2020இல் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2025இல் திருச்சியும் அதில் சேர்ந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போக விரும்பியவர், முதலில் 300 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே கட்டுநாயக்கவுக்கு வந்து, பின்னர் தன் ஊருக்குப் பக்கமாகவே வடக்கே பறக்கவேண்டியிருந்தது. 355 கிலோமீற்றர்ப் பயணம் ஆயிரமாயிற்று. அடிமட்டத்தை வைத்தால் தெரிகின்ற நேர்கோட்டை நாற்பது ஆண்டுகள் காணாமல் வைத்திருந்தது இயற்கையல்ல.

அதேவேளையில் பலாலி ஓடுபாதையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அந்த விமான நிலையத்தைச் சுற்றி பலாலி, மயிலிட்டி முதலான ஊர்களின் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். அவர்களது காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. யுத்தம் முடிந்தபின் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டாலும், ஒரு பகுதி இன்னமும் விடுவிக்கப்படவில்லை. சில கிலோமீற்றர் தூரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தன் வீட்டு வளவைப் பார்க்கமுடியாத ஒருவருக்குச் சென்னை ஒன்றரை மணித்தியாலத்தில் வந்துவிட்டது என்பது எந்த அளவு ஆறுதலைக் கொடுக்கும்? நமக்குத் தூரத்தைக் குறைக்கின்ற ஓடுபாதை அவருடைய தூரத்தைக் குறைக்கவில்லை. விமானச் சேவை வளரவேண்டும் என்று கேட்கும் நாம் அந்தக் காணிகளையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, இலண்டனிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு நேரம் என்று கணினியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். கணினி சொல்வதில் பிழையில்லை. ஆனால் அது அமைதிக் காலத்தின் விடை. அந்த விடை சரியாக இருப்பதற்குப் பாதை திறந்திருக்கவேண்டும், அனுமதி கேட்கப்படாதிருக்கவேண்டும், புறப்பட்டவர் போய்ச் சேரவேண்டும். இம்மூன்றும் இல்லாதிருந்த காலத்தில் அவர்களுடைய பெற்றோர் புறப்பட்டுப் போனார்கள். அவர்கள் ஏன் அவ்வளவு தொலைவுக்குப் போனார்கள் என்ற கேள்விக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது. அந்நாட்களில் கொழும்பிலிருந்து இலண்டனுக்குப் போவது ஊருக்குப் போவதைவிடச் சுலபமாக இருந்தது.